பவுடரின் பத்தியம்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், பியூஸ் கட்டை செய்கிற கம்பெனி ஒன்றில் ஆக்னஸ் இருபத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். அச்சில் அழுத்தி எடுத்துக் காயவைத்த கட்டைகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். உடன் வேலை செய்கிற பெண்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசிக்கொண்டே சுரண்டுவார்கள். ஆக்னஸ் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்கு அவள் இருபது வார்த்தை பேசினால் அதிகம் என்பார்கள். அதற்கும் சிரிப்பாளே தவிர பதில் சொல்ல மாட்டாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பி ஜூடுவைப் படிக்கவைத்தாள். அவன் இப்போது கத்தாரில் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீடு திரும்புகிற நேரம் பார்த்துப் போன் செய்வான். அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் அவளும் ஒரு பூனையும் இருந்தார்கள்.

பூனையின் பெயர் பவுடர். நான்கு வருடத்துக்கு முன்னால் கம்பெனி குடோனில், குவார்ட்ஸ் பவுடர் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்து கத்தியது. தாய்ப்பூனையைக் காணோம். வெள்ளை வெளேரென்று இருந்ததால் பெண்கள் பவுடர் என்று பெயர் வைத்தார்கள். ஆக்னஸ் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வெள்ளை போய், சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்ட கடுவன் குட்டி ஒன்று வெளியே வந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மூன்று வருடம் பவுடருக்கு ஒரு குறையும் இல்லை. போன அக்டோபர் மழையில்தான் வயிறு போக ஆரம்பித்தது. இரண்டு நாள் தண்ணியாகப் போகும், மூன்றாம் நாள் சரியாகும். அடுத்த வாரம் மறுபடி போகும். இடையிடையே சாப்பிட்டதை அப்படியே கக்கிவிடும். தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி மோர் ஊற்றச் சொன்னாள். இன்னொருத்தி வசம்பைச் சுட்டு உரைக்கச் சொன்னாள். கம்பெனியில், மண்ணைத் தின்றிருக்கும், அதுதான் குடலில் ஒட்டிக்கொண்டது என்றார்கள். ஆக்னஸ் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனாள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி வந்தது. மூன்று தடவை இப்படியே ஆயிற்று.

ஜனவரி முடிவதற்குள் பூனையின் முதுகெலும்பைத் தடவினால் மணி மணியாகக் கையில் பட்டது. சாயங்காலம் அவள் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிவந்து காலைச் சுற்றுகிற பூனை, இப்போது குளியலறைச் சிமென்ட் தரையில் படுத்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. அந்த ஞாயிறு ஜூடு போனில், "ஒரு பூனைக்கு எதுக்குக்கா இவ்ளோ அலையுற? அது போச்சின்னா வேற ஒரு குட்டி எடுத்துக்கலாம்" என்றான். ஆக்னஸ் போனை வைத்துவிட்டாள். தம்பி பேசிக்கொண்டிருக்கும்போது அவளாகப் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு ஜங்ஷன் ரோட்டுக்குப் போனாள். அங்கே வெண்பா என்று ஒரு மாட்டு டாக்டர் புதிதாகக் கிளினிக் வைத்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பூனையைத் தராசில் நிறுத்தினார். இரண்டு கிலோ அறுநூறு.

"நல்லா இருக்கும்போது எவ்ளோ இருந்திச்சிங்க?"

"நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி."

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, எந்த நிறம், சளி வருகிறதா, வாந்தி சாப்பிட்டவுடனா, நேரம் கழித்தா. பாதிக் கேள்விக்கு ஆக்னஸிடம் பதில் இல்லை. காலை எட்டரைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருகிறாள். அதுவரை அது எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஸ்கேன் பண்ணணும்ங்க. இங்க வசதி இல்ல. பாண்டிச்சேரி வெட்னரி காலேஜுக்கு எழுதித் தரேன், போயிட்டு வாங்க."

இரண்டு ஒயர் கூடையை வாய்க்கு வாய் வைத்துக் கயிற்றால் கட்டி, உள்ளே பவுடரை வைத்து, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினாள். நெய்வேலி தாண்டும்வரை பூனை அடித்தொண்டையில் ஒரே மாதிரி கத்திக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் கூடையைக் குனிந்து பார்த்து, "என்னாங்க இது?" என்றார். "பூனைங்க. ஒடம்பு சரியில்ல" என்றாள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

அங்கே வயிற்று முடியைச் சிரைத்து ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கட்டி எதுவும் தெரியவில்லை, ஆனால் குடல் சுவர் நெடுகத் தடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வெண்பா டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"இது கிருமி இல்லீங்க. குடலுக்கு ஏதோ தீனி ஒத்துக்க மாட்டேங்குது. சதா புண்ணு மாதிரி வீங்கியே கெடக்குது. அதனால தின்னறது ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. வயித்தத் தொறந்து துண்டு எடுத்துப் பாத்தாத்தான் நூத்துக்கு நூறு சொல்ல முடியும். இப்ப இருக்கிற ஒடம்புக்கு அது வேணாம். மொதல்ல தீனிய மாத்திப் பாப்போம்."

"மாத்துனா சரியாப் போயிருமா?"

"பொய் சொல்ல மாட்டேன். இது வந்துட்டுப் போற சீக்கு இல்லீங்க. சுகரு மாதிரி, அடக்கி வெச்சிக்கிறதுதான்."

ஆக்னஸ் தலையை ஆட்டினாள். அவள் அப்பாவுக்குச் சுகர் இருந்தது. அடக்கி வைப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"பொறந்ததுலேருந்து இது என்னென்னா தின்னுருக்குது, சொல்லுங்க."

மத்தி மீன், சங்கரா, கோழி ஈரல், முட்டை, பால், மாட்டுக்கறி, மாரி பிஸ்கட், ஒருதரம் காராசேவு என்று அவள் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் சிரித்தார். "அப்ப திங்காதது என்னா இருக்குது?"

யோசித்துப் பார்த்ததில் முயல்தான் மிஞ்சியது. டாக்டரும் அதைத்தான் நினைத்திருந்தார். காட்டு முயல் கூடாது, அது குற்றம், பண்ணை முயல். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, அவர் வரவழைத்துத் தரும் சத்து மாவைக் கலந்து வைக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு வேறு ஒன்றும் வாயில் படக்கூடாது. பால் ஒரு சொட்டுகூட. "ஒரு நாளு மாத்தித் தின்னாலும் மறுபடி மொதல்லேருந்து எண்ணணும்ங்க. ஒரு காலண்டர்ல தெனம் எழுதிட்டு வாங்க."

பெண்ணாடத்தில் மாயவன் என்ற கரும்பு விவசாயி மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கூண்டு வைத்து முயல் வளர்த்தார். ஆக்னஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், அறுத்துத் துண்டு போட்ட கறியை வாங்கிவந்தாள். "வூட்டுல எத்தினி பேரும்மா?" என்று மாயவன் கேட்டார். "ஒருத்தருக்குத்தான்" என்றாள்.

அவள் பத்தியத்தைத் தொடங்கிய மூன்றாம் நாள் சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் நாற்பது நாளும் ஆக்னஸ் கறி, மீன் தொடுவதில்லை. காலையில் நெற்றியில் சாம்பலோடு வந்து, குக்கரில் முயல் கறியை வேகவைத்து, எலும்பைப் பிரித்து, நார் நாராகக் கிள்ளித் தட்டில் வைத்தாள். அவளுக்கு அன்றைக்குக் கஞ்சியும் துவையலும். பத்தியத்தின் முதல் நாள் காலையில் பவுடர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. அன்று சாயங்காலம் பாதி தின்றது. நான்காம் நாள் தட்டை நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று கத்தியது.

பங்குக் கோயிலில் கொடுத்த மாதக் காலண்டரில், புனிதர்களின் பெயருக்குக் கீழே இருந்த கட்டத்தில், பேனாவால் எழுதினாள். தண்ணி. தண்ணி. கூழ். வாந்தி ஒன்று. கூழ். பன்னிரண்டாம் நாள் கட்டத்தில் "இறுகல்" என்று எழுதினாள். அன்றைக்குக் கம்பெனியில் யாரும் கேட்காமலே, "எங்க பூனைக்கு வயிறு கட்டிருச்சி" என்று சொன்னாள். பெண்கள் பிளேடை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் மறுபடி தண்ணியாகப் போயிற்று. பதினேழாம் நாள் வாந்தி, அதில் வெள்ளையாகத் திரிந்த பால்.

அவளுக்கு விளங்கவில்லை. வேலைக்குப் போகும்போது பூனையை உள்ளே விட்டு, மணல் போட்ட பேசின் ஒன்றை வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போனாள். அந்த வாரம் வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்க மின்சாரம் இல்லை. கம்பெனியில் பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் பவுடர் இல்லை. குளியலறையில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"ராசாத்தி! வாடி, வா. மெதுவா குடி. யாரும் புடுங்க மாட்டாங்க."

செல்வநாயகியின் குரல். பக்கத்து வீட்டுக்காரி, ஆக்னஸைவிடப் பத்து வயது மூத்தவள். இரண்டு பேரும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. செல்வநாயகி வீட்டு முருங்கை மரம் ஆக்னஸ் வீட்டுப் பக்கம் சாய்ந்து, குளியலறைக்குள் கம்பளிப்பூச்சி கொட்டிக்கொண்டே இருந்தது. லீவில் வந்திருந்த ஜூடு, செல்வநாயகி வீட்டார் திட்டக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, கிளையை மட்டும் வெட்டுவதற்குப் பதில் மரத்தையே வெட்டிவிட்டான். செல்வநாயகி திரும்பி வந்து தெருவில் நின்று பேசிய பேச்சுக்கு ஆக்னஸ் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருத்தி வாசல் தெளிக்கும்போது இன்னொருத்தி வெளியே வரமாட்டாள்.

ஆக்னஸ் மதிலோரம் கிடந்த கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். எவர்சில்வர் கிண்ணம் நிறையப் பால். பவுடர் தலையை உள்ளே விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இலைத்துண்டில் மீன் குழம்புச் சோறு.

"அக்கா, குடுக்காதீங்க."

செல்வநாயகி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். யார் என்று தெரிந்ததும் முகம் மாறியது. "ஏன், குடுத்தா என்னா? பூட்டி வெச்சிட்டுப் போற. அது உள்ள கெடந்து கத்துது. எலும்புந்தோலுமா கெடக்குது, நீ சோறு போடுறியா இல்லியான்னே தெரியல. பசின்னு வந்த வாயில்லாத ஜீவன வெரட்டச் சொல்றியா?"

"அதுக்குக் குடல்ல சீக்குக்கா. பாலு ஆவாது, மீனு ஆவாது. எட்டு வாரத்துக்கு முயல் கறி தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க."

"பாலு குடிச்சா பூனைக்குச் சீக்கு வருமா? எந்த ஊரு டாக்டரு சொன்னான்?"

ஆக்னஸ் உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மதிலுக்கு மேல் நீட்டினாள். செல்வநாயகிக்குப் படிக்கத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். பதினைந்தாம் நாள் கட்டத்தில் விரல் நின்றது.

"அன்னிக்கித்தான் மொதமொதல்ல வந்திச்சி" என்றாள். அந்த வார்த்தையில் கோபம் இல்லை. பிறகு கிண்ணத்தை எடுத்து மிச்சப் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். இலையையும் சுருட்டி எறிந்தாள். காலண்டரை மதில் மேல் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அது கடுவன்க்கா" என்று ஆக்னஸ் சொன்னது சாத்திய கதவுக்குத்தான் கேட்டிருக்கும்.

எட்டு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. குளியலறை இடைவெளிக்கு வலை வாங்கி அடித்தாள். பவுடர் இரண்டே நாளில் அதை ஒரு ஓரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் வயிறு போகவில்லை. நான்காம் நாள் காலையில் ஆக்னஸ் துணி காயப்போடும்போது மதிலுக்கு மேலே செல்வநாயகியின் தலை தெரிந்தது.

"நேத்து மத்தியானம் எங்க வூட்டு மணலுல போச்சி. இறுகலாத்தான் இருந்திச்சி. எழுதிக்க."

ஆக்னஸ் எழுதிக்கொண்டாள். அதுவரை டாக்டர் கேட்டும் அவளால் சொல்ல முடியாமல் போன பகல் நேரத்துக் கணக்கு அன்றிலிருந்து தவறாமல் கிடைத்தது. செல்வநாயகி வேறு எதுவும் பேச மாட்டாள். "ஒருதரம், கூழா", "வாந்தி இல்ல", "பல்லியப் புடிச்சிச்சி, வாயிலேருந்து புடுங்கிட்டேன்." இவ்வளவுதான். தெருவில் வேறு யாராவது மீன் தலையைப் போட வந்தால் அவள் போட்ட சத்தம் ஜங்ஷன்வரை கேட்டிருக்கும்.

ஏப்ரலில் எடை பார்த்தபோது மூன்று கிலோ. வயிறு முன்னைவிடத் தேவலை என்றாலும் முழுதாக நிற்கவில்லை. டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். ஸ்டீராய்டு என்பதையும், குடல் வீக்கத்தை அதுதான் அமர்த்தும் என்பதையும், திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுத்தார். கூடவே வாரம் ஒரு பி-12 ஊசி, ஆறு வாரம். முதல் இரண்டை அவர் போட்டார். மூன்றாவதை ஆக்னஸ் கையில் கொடுத்தார். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து அவள் ஊசியை ஏற்றி எடுத்தாள். பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் போட்டாக்கூடக் கடிக்க வருது" என்றார் டாக்டர்.

ஊசி சுலபமாக இருந்தது. மாத்திரைதான் பாடாய்ப் படுத்தியது. முயல் ஈரலுக்குள் வைத்துக் கொடுத்தால் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பியது. வாயைத் திறக்கப் போனால் கையெல்லாம் கீறல். மூன்றாம் நாள் சத்தம் கேட்டு, செல்வநாயகி ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசல்படி ஏறினாள். அழைப்பு எதுவும் இல்லை. ஆக்னஸ் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"நவுரு. கன்னுக்குட்டிக்கு மூங்கில்ல மருந்து ஊத்துன கையி இது. பழைய துண்டு ஒண்ணு குடு."

பூனையைத் துண்டில் கழுத்துவரை இறுகச் சுற்றி இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் தலையைப் பின்னால் சாய்த்தாள். வாய் தானாகத் திறந்தது. "போடு, நாக்குக்குப் பின்னால போடு. இப்ப தொண்டைய நீவு." மாத்திரை போய்விட்டது. தண்ணீரையும் இரண்டு சொட்டு விட்டார்கள். அவிழ்த்துவிட்டதும் பவுடர் அலமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது.

இருவரும் அடுப்படியில் கையைக் கழுவினார்கள். ஆக்னஸ் டீ போட்டாள். டம்ளரைக் கொடுக்கும்போது, "மரத்த வெட்டுனது தப்புக்கா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றாள்.

செல்வநாயகி டீயை ஊதினாள். "எங்க மாமியாரு வெச்ச மரம். அவங்களையே எனக்குப் புடிக்காது. அதுக்காவ கேக்காம வெட்டுவியா?" என்றாள். பிறகு, "நாளைக்கி எத்தினி மணிக்கி மாத்திர?" என்று கேட்டாள்.

மே மாதக் கத்திரி வெயிலில் மாயவனின் முயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மிச்சமிருந்ததை அவர் விற்றுவிட்டுக் கூண்டையும் பிரித்துவிட்டார். ஆக்னஸ் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒன்பது நாளைக்கு மட்டுமே கறி இருந்தது. அவள் வெளிறிப்போய் டாக்டரிடம் போனாள். ஒவ்வாமை வராதபடி புரதத்தை உடைத்துச் செய்த தீனி பாக்கெட்டில் வருகிறது என்று சொல்லி அவர் சென்னையிலிருந்து வரவழைத்தார். வட்ட வட்டமாக, அட்டை வாசனையோடு இருந்தது. பவுடர் அதை மண்ணைத் தள்ளுவது மாதிரி காலால் தள்ளியது. அதனால் ஒன்பது நாள் கறியைப் பதினெட்டு நாளாக நீட்டி, முதலில் பத்து வட்டம், அப்புறம் கால் பங்கு, அப்புறம் பாதி என்று இடித்துக் கலந்து பழக்கினாள். நடுவில் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது. அன்றைக்கு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் வெறும் வட்டத்தைக் கடித்துத் தின்னும் சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்றபடி அந்தச் சத்தம் முடியும்வரை கேட்டாள்.

மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரு தடவை அவசரப்பட்டுக் குறைத்ததில் வயிறு மறுபடி போனது, ஒரு படி பின்னால் போய் நின்றார்கள். இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் அரை மாத்திரை. எடை மூன்று கிலோ எண்ணூறு. முதுகெலும்பு கையில் படுவதில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் மோசமான நாள் உண்டு. அது இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக்னஸ் அந்த நாட்களையும் எழுதிவைக்கிறாள், முன்பு போலப் பதறுவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் பங்கிலிருந்து பஸ் விட்டார்கள். இரண்டு இரவு தங்கி வர வேண்டும். ஆக்னஸ் பெயர் கொடுக்கவில்லை. செல்வநாயகிதான் விஷயம் தெரிந்து, "நான் எதுக்கு இருக்குறேன்?" என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாத்திரைக்கு மட்டும் தன் மகளை வரச்சொல்லிப் பூனையைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, கடற்கரை மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி ஆக்னஸ் போன் செய்தாள். சுற்றிலும் ஒரே கூட்டம், ஜெபமாலைச் சத்தம். இரண்டு தடவை கத்திச் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் கேட்டது.

"தின்னுச்சிடி. ரெண்டு தடவ போச்சி, ரெண்டும் இறுகல். காலண்டர்ல எழுதிட்டேன்" என்றாள் செல்வநாயகி. "அதுக்குன்னு சும்மா சும்மா போன் அடிக்காத. போன எடத்துல மாதாவப் பாரு."